கறையானின் கைங்கரியம்

தேவார ஏடுகளைத் தேடிச் சிதம்பரத்துக்குச் சென்ற ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும், கோயிலுக்குள் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பார்த்தபோது சுவடிகளை மூடிப் புற்று வளர்ந்திருக்கக் கண்டார்கள் என்றும், எண்ணெய் சொரிந்து மண்ணை நீக்கி எடுத்ததில் எஞ்சியவையே இன்று நாம் ஓதுகின்ற பதிகங்கள் என்றும் நம் சைவப் பெரியோர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். தமிழருக்குக் கறையான்மீது உள்ள மனக்குறை அவ்வளவு பழையது. பரணில் வைத்த பத்திரமும், பாட்டன் காலத்து நிலைப்படியும், பெட்டிக்குள் மடித்து வைத்த கல்யாணப் புடவையும் செல்லரித்துப் போன கதையைச் சொல்லாத குடும்பம் அரிது. இந்தக் குறையில் நியாயம் இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் வீட்டு வாசலைத் தாண்டிக் காட்டிலும் மேட்டிலும் வரப்பிலும் தரிசிலும் அதே பிராணி இராப்பகலாகச் செய்து வருகின்ற காரியத்தைக் கொஞ்சம் பொறுமையோடு விசாரித்தோமானால், மழை குறைந்த சீமைகளில் மண்ணுக்கு ஜீவன் கொடுத்து வருவது பெரும்பாலும் அதுதான் என்ற முடிவுக்கு வராமல் இருக்க முடியாது.

முதலில் அதன் குலத்தைத் தெரிந்துகொள்வோம். வெள்ளை எறும்பு என்று ஐரோப்பியர் அதை அழைத்து வந்தபோதிலும், எறும்புக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. எறும்பு குளவியின் இனம், கறையானோ கரப்பான் பூச்சியின் இனம். நெடுங்காலம் தனி வர்க்கமாக வைத்து எண்ணப்பட்ட இப்பூச்சிகளை, மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 2007-ம் ஆண்டில் கரப்பான் வர்க்கத்துக்குள்ளேயே சேர்க்கவேண்டும் என்று காட்டினார்கள். உலகத்தில் ஏறக்குறைய 3,000 கறையான் இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் கட்டடங்களுக்குக் கணிசமான நஷ்டம் உண்டாக்குபவை நூற்றுக்கும் குறைவு. மற்றவையெல்லாம் மனிதனுடைய கதவையோ கணக்குப் புத்தகத்தையோ ஒருநாளும் தீண்டாமல், சருகையும் சுள்ளியையும் சாணத்தையும் மக்கிய மண்ணையும் தின்று காலங்கழிப்பவை.

தேன்கூட்டிலும் எறும்பு வளையிலும் உழைப்பவை யாவும் பெண்களே; கறையான் குடியிலோ ஆணும் பெண்ணும் பாடுபடும். ராணியின் பக்கத்திலே, அவள் ஆயுள் முழுவதும், ராஜாவும் கூடவே வாழும். வேலைக்காரக் கறையான்கள் பெரும்பாலான இனங்களில் பிறவிக் குருடு. அவற்றின் உடம்பைப் போர்த்திருக்கும் தோல் மிக மெல்லியது. வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் ஈரம் வற்றிச் சுருண்டு மடிந்துபோகும். ஆகையால்தான் அது எங்கே போனாலும் தலைக்குமேல் மண் கூரை ஒன்றை அமைத்துக்கொண்டே போகிறது. வேப்பமரத்தின் பட்டைமேல் செம்மண் கோடாக ஏறுவதும், காய்ந்த எருவின்மேல் மண்போர்வையாகப் படர்வதும் இந்தக் கூரைதான். இந்தப் பலவீனமே அதன் பெரிய உபகாரத்துக்குக் காரணமாக இருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்: வெயிலுக்கு அஞ்சுகிற அந்தப் பூச்சி, இரை தேடப் போகிற இடத்துக்கெல்லாம் ஆழத்து மண்ணையும் ஈரத்தையும் சுமந்துகொண்டு போகிறது.

காட்டில் ஒரு மரம் பட்டுப்போய் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மரம் பல ஆண்டுகளாக மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சுண்ணாம்பும் அதன் உடம்புக்குள்ளே அடைபட்டுக் கிடக்கின்றன. அவை மறுபடியும் மண்ணுக்கு வந்து சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறைச் செடிகள் பிழைக்க முடியும். ஆனால் மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் நாரும், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்னும் பொருளும் ஆகும். இவ்விரண்டையும் ஜீரணிக்கும் வல்லமை பிராணிகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் உண்டு. மழை மிகுந்த பிரதேசங்களில் பூஞ்சணமும் மண்புழுவும் இந்தக் காரியத்தைச் செய்துவிடுகின்றன. ராமநாதபுரம், புதுக்கோட்டை போன்ற மேட்டுச் சீமைகளிலோ வருஷத்தில் பெரும்பகுதி ஈரமே கிடையாது. பூஞ்சணம் வளராது, மண்புழு ஆழத்தில் சுருண்டு கிடக்கும். அந்த வறட்சி மாதங்களில், வேண்டிய ஈரத்தைத் தானே கொண்டுவந்து வேலை செய்யவல்ல கறையான் ஒன்றே, செத்ததை மண்ணோடு சேர்க்கின்ற காரியத்தை விடாமல் நடத்திக்கொண்டிருக்கிறது.

அந்த வல்லமையும் அதனுடைய சொந்தச் சொத்து என்று சொல்வதற்கில்லை. பழமையான இனக் கறையான்களின் குடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. கிளீவ்லண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1920-களில், கறையான்களுக்குத் தீங்கு நேராதபடி பக்குவமாக அந்த உயிர்களை மட்டும் அழித்துவிட்டு, வழக்கம்போல் மரத்தைத் தின்னக் கொடுத்தார். அவை வயிறாரத் தின்றன. தின்றுகொண்டே பட்டினியால் மாண்டன. மடிவதற்குமுன் அந்தச் சூக்ஷ்ம உயிர்களைத் திரும்பப் பெற்றவை பிழைத்துக்கொண்டன. மரத்தில் தழைச்சத்து மிகவும் சொற்பம். அந்தக் குறையை, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சத்தாக்கவல்ல பாக்டீரியாக்கள் அதே குடலுக்குள் இருந்து ஈடுசெய்கின்றன என்பது 1973-ல் தெரியவந்தது. ஆகவே ஒரு கறையானை ஒரு பிராணியென்று எண்ணுவதைவிட, பல ஜீவராசிகள் கூட்டுச் சேர்ந்து நடத்துகிற ஓர் ஆலை என்று எண்ணுவதே பொருந்தும்.

நம் ஊர்ப் புற்றுகளைக் கட்டுகின்ற ஒடோன்டோடெர்மிஸ் என்னும் வகை, இந்தக் கூட்டு வாணிபத்தை வயிற்றுக்கு வெளியிலும் நடத்துகிறது. புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குப் புற்றாஞ்சோறு தெரிந்திருக்கும். சங்கப் புலவர்கள் குரும்பி என்று குறித்ததும், அதைக் கரடி விரும்பித் தின்னும் என்று அகநானூற்றில் சொல்லியிருப்பதும் இதையே. கையில் எடுத்துப் பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், கடற்பஞ்சைப்போல் கண்ணும் மடிப்புமாக, பழுப்பு நிறத்தில், தொட்டால் உதிரும் பதத்தில் இருக்கும்; உற்று நோக்கினால் அதன் மடிப்புகளெங்கும் கடுகினும் சிறிய வெள்ளை மணிகள் இறைந்திருப்பதைக் காணலாம். வேலைக்காரக் கறையான்கள் சருகையும் மரத்தூளையும் தின்று, அரைகுறையாக ஜீரணமான நிலையில் அதை வெளிப்படுத்தி, அந்தக் கட்டியின் மேற்புறத்தில் சேர்த்து வைக்கும். டெர்மிட்டோமைசிஸ் என்ற காளான் அதில் வேரோடி, கறையானால் வெல்ல முடியாத லிக்னினைச் சிதைத்துப் பக்குவப்படுத்தும். பக்குவமான அடிப்பகுதியைக் கறையான் மறுபடி உண்ணும். மழைக்காலத்தில் இடி இடித்த மறுநாள் புற்றின் ஓரத்திலே நீண்ட காம்போடு முளைத்துக் கிளம்பும் புற்றுக்காளான், இந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான். சந்தைக்கு வந்தால் நல்ல விலைக்குப் போகும் பண்டம்.

புற்றுக்குள்ளே காளான் இருப்பதை முதன்முதலில் எழுதி வைத்தவர் தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒருவர் என்பது நமக்கு உவப்பான செய்தி. லின்னேயஸ் என்ற ஸ்வீடிஷ் பேரறிஞரின் மாணாக்கராகிய கோனிக், 1768-ல் டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். ஆற்காட்டு நவாபிடத்திலும் சேவகம் பார்த்தவர். அவர் தஞ்சாவூர்ச் சீமையில் கறையான் புற்றுகளைத் தோண்டிப் பார்த்துத் தாம் கண்டவற்றை 1779-ல் ஜெர்மன் பாஷையில் பிரசுரித்தார். கறையானின் காளான் தோட்டத்துக்குக் களைத் தொல்லையும் உண்டு: சூடோசைலேரியா என்ற வேறொரு பூஞ்சணம், கறையான் சற்றே கண்காணிப்பைத் தளர்த்தினால் குரும்பி முழுவதையும் ஆக்கிரமித்துவிடும். கண்ணில்லாத வேலைக்காரப் பூச்சிகள், நட்புக் காளானையும் களைப் பூஞ்சணத்தையும் வாசனையாலேயே பகுத்தறிந்து, களை கண்ட இடத்தை மண்ணிட்டு மூடிவிடுகின்றன என்று பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மனிதன் ஏர் பிடித்துச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. கறையான் காளான் பயிரிடத் தொடங்கி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு புற்றின் விளிம்பில் விரலளவு மண்ணைப் பெயர்த்துவிட்டுச் சற்று ஒதுங்கி நின்று பார்த்தால், அந்தக் கட்டட வேலை எப்படி நடக்கிறது என்பது விளங்கும். முதலில் துளையின் வாயில் சிப்பாய்கள் வந்து, பெரிய தலையை நீட்டிக்கொண்டு, கத்திரி போன்ற தாடைகளை விரித்து நிற்கும். சிறிது நேரத்துக்கெல்லாம் வேலைக்காரர்கள் அவற்றின் கால்களுக்கிடையே புகுந்து வரும். ஒவ்வொன்றின் வாயிலும் எச்சிலால் பிசைந்து உருட்டிய ஈரமண் உருண்டை ஒன்று இருக்கும். ஒன்று தன் உருண்டையை விளிம்பில் வைத்துத் தலையால் அழுத்திவிட்டுத் திரும்பும். அடுத்தது அதன்மேல் தன்னுடையதை வைக்கும். மேஸ்திரி கிடையாது, கட்டளை கிடையாது. முன்னே வைத்த மண்ணின் ஈரமும் மணமுமே பின்னே வருவதற்கு வழிகாட்டி. பொழுது சாய்வதற்குள் துளை அடைபட்டிருக்கும். எச்சில் கலந்து காய்ந்த அந்த மண், சுற்றிலுமுள்ள சாதாரண மண்ணைவிடப் பல மடங்கு உறுதியானது. அடைமழையிலும் கரையாமல் புற்று நிற்பதன் ரகசியம் அதுவே.

கோடிக்கணக்கான உருண்டைகளால் இப்படி எழும்புகின்ற அந்த நிர்மாணத்துக்குள், லட்சக்கணக்கான ஜீவன்களும் காளான் தோட்டங்களும் சுவாசிக்கின்றன. வெளிப்படும் கரியமிலவாயு போகவும் பிராணவாயு வரவும் வழி வேண்டும். கூட்டத்தின் உடம்புச் சூட்டால் காற்று மேலெழும்பிச் சுற்றி வருகிறது என்று 1961-ல் மார்ட்டின் லூஷர் என்ற ஸ்விட்சர்லாந்து அறிஞர் கருதினார். தென்னிந்தியாவிலுள்ள புற்றுகளின் உள்ளே நுண்ணிய கருவிகளைச் செலுத்தி அளந்த ஒரு குழு, 2015-ல் வேறொரு விளக்கத்தை வெளியிட்டது. பகலில் வெயில் பட்டுப் புற்றின் வெளிமடிப்புகள் முதலில் சூடேறுகின்றன. அங்கே காற்று மேலே ஏறி, குளிர்ந்திருக்கும் நடுப்பகுதி வழியாகக் கீழே இறங்குகிறது. இரவில் மடிப்புகள் விரைவில் குளிர்ந்துவிட, நடுவிலே இன்னும் வெதுவெதுப்பு இருப்பதால், ஓட்டம் திசை மாறுகிறது. பகலில் தேங்கிய கரியமிலவாயு இரவில் கழிந்துபோகிறது. பகலும் இரவும் மாறிமாறி வருவதையே விசையாகக்கொண்டு அந்த மண்மாளிகை மூச்சுவிடுகிறது.

இவ்வளவு மண்ணும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நிலத்தின் ஆழத்திலிருந்து என்பதே விடை. மேல் மண் மணலாக இருந்தாலும், கறையான் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவது கீழேயுள்ள களிமண். அதோடு சுண்ணாம்பும் மற்ற உப்புகளும் மேலே வருகின்றன. புற்றுமண்ணைக் குழைத்து அடுப்பும் திண்ணையும் போட்ட நம் கிராமத்துப் பெண்களுக்கும், பழம்புற்றை வெட்டி வயலில் பரப்பிய குடியானவர்களுக்கும் அதன் குணம் நெடுநாளாகத் தெரியும். ஈரத்தைத் தேடிக் கறையான் வெகு ஆழம் இறங்கும் என்பதை நம் முன்னோர்கள் கவனித்திருக்கிறார்கள். 6-ம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் கண்டறிவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நாவல் மரத்துக்குக் கிழக்கே அருகில் புற்று இருந்தால், மரத்துக்குத் தெற்கே இரண்டு ஆள் ஆழத்தில் இனிய நீர் கிடைக்கும் என்பது போன்ற குறிகள் பல அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. கறையான் மேலே கொண்டுவந்த மண்ணைவிட, அதற்காகக் குடைந்த சுரங்கங்களால் விளையும் நன்மை பெரிது. வெயிலில் இறுகி ஓடுபோலாகிவிட்ட நிலத்தில் விழுகிற மழை, உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். கறையான் துளைத்த நிலத்திலோ ஆயிரம் வாய்களால் உள்ளே இறங்குகிறது.

இதைக் கண்கூடாகக் கண்டு பயன்கொண்டவர் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டிலே வாழ்ந்த யாகூபா சவதோகோ என்ற விவசாயி. 1980-களில் கொடிய வறட்சியால் ஊர் ஊராக ஜனங்கள் வெளியேறியபோது, அவர் கட்டாந்தரையாகக் கிடந்த தம் நிலத்தில், ஸாய் என்று அவ்வூரார் அழைக்கும் சிறு குழிகளைக் கோடையிலேயே வெட்டி, எருவும் சருகும் இட்டு வைத்தார். எருவை நாடிக் கறையான் வந்தது. குழியின் அடியைத் துளைத்தது. முதல் மழை அந்தத் துளைகளில் இறங்கித் தங்கியது. விதைத்த சோளமும் கம்பும் விளைந்தன. வீணாய்க் கிடந்த அந்த நிலத்தில் நாளடைவில் ஒரு காடே உண்டாயிற்று. 2023-ல் காலமாவதற்கு முன், பல தேசங்களிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அவரைத் தேடி வந்து கற்றுக்கொண்டு போனார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் நடந்த பரீட்சை ஒன்றும் இதற்கு ஒத்தாசையாக இருக்கிறது: எறும்பையும் கறையானையும் மருந்திட்டு ஒழித்த பாத்திகளைக் காட்டிலும், அவற்றை அவற்றின் போக்கில் விட்ட பாத்திகளில் விளைச்சல் 36 சதவீதம் அதிகமாக இருந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள்.

உயிரோடு இருந்து உழைப்பது போக, உணவாகியும் கறையான் உலகத்தைப் போஷிக்கிறது. முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றின் வாய்கள் திறந்து ஈசல் கிளம்புகிறதே, அந்த ஒரு நாழிகை காட்டுக்கும் ஊருக்கும் பெருவிருந்து. கரிச்சானும் மைனாவும் காகமும் பருந்தும் ஆகாயத்தில் வளைத்துப் பிடிக்க, தவளையும் பல்லியும் அணிலும் தரையில் பொறுக்கித் தின்ன, விளக்கை ஏற்றி வைத்து முறத்தால் வாரிக்கொண்ட மனிதர்கள் அதை அரிசியோடு வறுத்து உண்ண, தப்பிய சிலவே சிறகை உதிர்த்துவிட்டு ஜோடி சேர்ந்து புதிய குடி அமைக்கும். நம் காட்டுக் கரடிக்கு மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாக, மண் ஏறாதபடி மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, புற்றுக்குள்ளிருந்து கறையானை உறிஞ்சி எடுக்கும் சத்தம் வெகுதூரம் கேட்கும். பல்லே இல்லாத அழுங்கு, ஒட்டும் நாக்கை நீட்டி எறும்போடு இதையும் தின்று பிழைக்கிறது. நாகம் தானாக வளை தோண்டுவதில்லை. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் பொருமிச் சொல்கிற பழமொழி, உயிரியல் ரீதியாகவும் உண்மை. உடும்பும் தேளும் எலியும் அதே வீட்டில் குடிக்கூலி இல்லாமல் வாழ்ந்து போகின்றன.

வறட்சி வரும்போதுதான் இந்த உழைப்பின் அருமை முழுவதும் வெளிப்படுகிறது. 2015, 2016 ஆண்டுகளில் எல் நினோ காரணமாகப் போர்னியோத் தீவின் மழைக்காடுகளில் கடும் வறட்சி உண்டாயிற்று. அச்சமயம் அங்கே சில பகுதிகளில் கறையானைக் குறைத்துவிட்டு மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்கள், வறட்சிக் காலத்தில் கறையானின் தொகை இரண்டு மடங்குக்குமேல் பெருகியதையும், அவை மிகுந்த இடங்களில் சருகு விரைவாக மக்கியதையும், மண்ணில் ஈரம் கூடுதலாக இருந்ததையும், நாற்றுக்கன்றுகள் பிழைத்த விகிதம் 51 சதவீதம் உயர்ந்திருந்ததையும் கண்டு 2019-ல் வெளியிட்டார்கள். கென்யாவின் புல்வெளிகளில் புற்றைச் சுற்றியுள்ள நிலம் மற்ற இடங்களைவிடச் செழிப்பாக இருப்பதையும், மழை குறைந்தபோதும் அந்தத் திட்டுகள் பசுமையைக் காத்து, நிலம் பாலையாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதையும் வேறு அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள்.

உபகாரத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது முறையல்ல. மரத்தைத் தின்னும் கறையான், அதிலிருந்த கரியை வாயுவாக்கி வெளியிடவும் செய்கிறது. உலகம் முழுவதும் வெளிப்படும் மீத்தேனில் ஒன்று முதல் மூன்று சதவீதம்வரை அதன் பங்கு என்று மதிப்பிடுகிறார்கள். உஷ்ணம் 10 டிகிரி உயர்ந்தால் பூஞ்சணமும் பாக்டீரியாவும் மரத்தை மக்கவைக்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கும், கறையான் தின்னும் வேகம் ஆறு மடங்குக்கு மேலும் கூடுகிறது என்று பல கண்டங்களில் நடந்த ஒரு கூட்டு ஆராய்ச்சி 2022-ல் கணக்கிட்டது. பூமி சூடேறச்சூடேற அதன் ராஜ்யம் விஸ்தாரமாகும். காடுகள் சேர்த்து வைத்திருக்கும் கரி சீக்கிரம் கரையும். கரும்புக் கரணையையும் தென்னங்கன்றையும் நிலக்கடலையையும் அது தாக்குவதும் பொய்யல்ல. தண்ணீரின்றி வாடிய பயிரில் அந்தத் தாக்குதல் கடுமையாக இருக்கும்.

ஆகையால் கறையானைப் பற்றி ஒரே தீர்ப்பு எழுத நினைப்பதே தவறு. இடம் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். வீடு கட்டும்போது அஸ்திவாரத்திலேயே தடுப்புச் செய்வதும், மரச்சாமான்களில் ஈரம் தங்காமல் பார்ப்பதும், சுவர்மேல் மண்கோடு ஏறினால் உடனே கவனிப்பதும் அவசியம். ஆனால் ஒருகாலத்தில் ஆல்டிரின், குளோர்டேன் முதலிய விஷங்களை நிலமெங்கும் கொட்டி, அவை மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் தங்கியதைக் கண்டு பிறகு தடைசெய்ய நேர்ந்த அனுபவம் நமக்குப் போதும். வயலில் காய்ந்த தழையையும் தாளையும் கொளுத்தாமல் மூடாக்காகப் போட்டு வைத்தால், கறையான் பெரும்பாலும் செத்ததைத் தின்று உயிருள்ளதை விட்டுவிடும். தின்றதும் அந்த நிலத்துக்கே எருவாகும். வரப்பிலும் புறம்போக்கிலும் உள்ள புற்றுகளைப் பயனற்ற மேடுகள் என்று இயந்திரத்தால் சமன்செய்கிறவர்கள், மழைநீர் இறங்கும் வழிகளையும் சேர்த்து அடைக்கிறார்கள். பிறகு அதே நிலத்தில் நீர் சேகரிக்கப் பணம் செலவிட்டுக் குழி வெட்டுகிறார்கள். பஞ்சாயத்துத் தரிசில் மரக்கன்று நடப் போகிறவர்கள் அங்குள்ள புற்றை விட்டுவைத்து, அதைச் சுற்றி நட்டுப் பார்க்கலாம். கன்றுக்கு வேண்டிய களிமண்ணும் சத்தும் ஈரமும் அந்த இடத்தில் முன்பே சேர்ந்திருக்கின்றன.